இரண்டாம் இடத்து உளுவை

கடலுக்கு அடியில் பதினைந்து மீட்டர் ஆழத்தில் இட்லி மாவு பொங்காது. இதை உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவர் அருளப்பன். மேலே இருப்பதைப்போல் இரண்டரை மடங்கு காற்றழுத்தம் உள்ள வீட்டுக்குள் மாவில் வருகிற குமிழியெல்லாம் அமுங்கிப்போய்விடும். முதல் பத்து நாள் அவர் செய்த இட்லியைச் சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் சேதம். பதினோராம் நாள் உளுந்தைக் கூட்டி, மாவை இரண்டு நாள் புளிக்கவிட்டு, எப்படியோ பஞ்சுபோல ஒன்றைத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அடுப்பு எரியக்கூடாது, எண்ணெய் காயக்கூடாது, புகை என்ற பேச்சே கூடாது என்கிற வீட்டில் ஆவியில் வேகும் இட்லியை விட்டால் வேறு கதியும் இல்லை.

அந்த வீடு பசிபிக் பெருங்கடலில், வரைபடத்தில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போனதுபோல் தெரியும் ஒரு தீவின் காயலுக்குள், நான்கு இரும்புக் கால் ஊன்றி நின்றது. வெப்பத்தில் வெளுத்துப்போன பவளத்தைத் திரும்ப நட்டு வளர்ப்பதற்காகச் சென்னை நிறுவனம் ஒன்று ஐந்து பேரைத் தொண்ணூறு நாளுக்கு அதற்குள் இறக்கியிருந்தது. இறங்கினால் இறங்கியதுதான். உடம்பு அந்த அழுத்தத்துக்குப் பழகிய பிறகு நினைத்த நேரத்தில் மேலே போக முடியாது. முழுதாக ஒரு நாள் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மேலே ஓடினால் ரத்தம், மூடியைத் திறந்த சோடா பாட்டில்தான்.

ஜெசிந்தா அந்த வீட்டின் இரண்டாவது ஆள். மணப்பாட்டுக்காரி, முப்பத்தாறு வயது. எல்லோரும் மூச்சுவிடும் காற்றுக்கு அவள் பொறுப்பு. தலைவர் டாக்டர் வயிரவன், காரைக்குடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கத்திப் பேசத் தெரியாதவர். மூன்றாவது இளம்பரிதி, நான்காவது காயல்பட்டினத்து நெய்னா. இருவரும் வெளியே நீந்திப் போய்ப் பவளம் நடுகிறவர்கள். அருளப்பனுக்கு இந்த வரிசையில் எண் கிடையாது. அவர் ஒப்பந்த ஆள், சமையலும் சாமானும் அவர் பொறுப்பு.

இந்தக் குழுவுக்கு முன் ஒரு குழு இங்கே இருந்தது. நாற்பத்தோராம் நாள் அவர்களில் ஒருவர் இன்னொருவரைக் கரண்டியால் அடித்து நெற்றியில் நான்கு தையல் போட வைத்தார். யார் சொல்வதை யார் கேட்பது என்பதுதான் சண்டை. அந்தச் சண்டையால் நிறுவனத்துக்கு அரை வருடம் வீண். அதனால் இந்த முறை முன்னெச்சரிக்கையாக ஒரு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் நாக்குக்கடியில் இரண்டு சொட்டு. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆளுக்கு மட்டும். எல்லோரும் பதினொரு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முதல் பக்கத்துக்கு மேல் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அன்று ஐம்பத்திரண்டாவது நாள். காலை எட்டரை. அருளப்பன் இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தார். ஆகஸ்ட் முப்பத்தொன்று போய்ச் செப்டம்பர் ஒன்று வந்தது. இங்கே காலை எட்டரை ஆகும்போது சென்னையில் நள்ளிரவு பன்னிரண்டு. நிறுவனத்துக்கு அனுப்பும் அறிக்கையெல்லாம் சென்னைத் தேதியில்தான் போகவேண்டும் என்பது கட்டளை. ஆகவே இந்த வீட்டில் இட்லி வேகும்போது நாள் மாறும். தீவுக்காரர்களுக்கு அன்று இன்னும் முப்பத்தொன்றுதான்.

"நல்ல நேரம் பத்தரைலேருந்து பதினொண்ணர" என்று வாசித்தார் அருளப்பன். அது எந்த ஊர் பத்தரை என்று யாரும் கேட்கவில்லை.

தட்டுகள் வந்தன. வயிரவனுக்கு ஐந்து இட்லி. ஜெசிந்தா நான்கு எடுத்துக்கொண்டாள். இளம்பரிதி மூன்று. நெய்னா இரண்டு வைத்துக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தான்.

அருளப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஏ நெய்னா, வந்த அன்னைக்கு அந்தக் கல்லு இட்லியவே எட்டு தின்னுட்டு ஒம்பதாவது எங்கன்னு கேட்ட பய நீ. இப்ப என்ன, கோழி கொத்துன மாதிரி ரெண்டு?"

"பசிக்கலை அண்ணாச்சி."

"பசிக்கலயா? நானும் ஒரு மாசமா பாக்குதேன். சார் அஞ்சு தின்னா தாயி நாலு. சார் நாலு தின்னா தாயி மூணு. ஒருத்தரு கொறச்சா கீழ உள்ளவுக எல்லாம் கொறைக்கிய. தராசு வச்சி தின்ன மாதிரில்லா இருக்கு!"

வயிரவன் சிரித்தார். "அது மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் அருளப்பன். அந்த ஜன்னலைப் பாருங்க."

ஜன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில் ஒரு பவளப் புதர் இருந்தது. கருவேலங்கிளையை வெட்டிக் கவிழ்த்து வைத்ததுபோல் கூர்கூராக இருக்கும். அதன் முள்ளிடுக்கில் மஞ்சள் நிறத்தில் சுண்டுவிரல் நுனியளவு மீன்கள் ஐந்து. உளுவைக் குடும்பம். நம்மூர் முகத்துவாரச் சேற்றில் இருக்கும் உளுவைக்கு ஏழாம் தாயாதி.

"அந்தப் புதர்தான் அதுங்களுக்கு வீடு. வெளிய வந்தா பெரிய மீன் ஒரே வாய்ல முடிச்சிடும். உள்ள இடம் கம்மி. ஆனா சண்டையே கிடையாது. ஏன்னு தெரியுமா?" என்றார் வயிரவன்.

"ஏன்?"

"வரிசை. முதல் மீன் பெரிசு. ரெண்டாவது அதைவிட ஒரு துளி சின்னது. மூணாவது அதுக்கும் சின்னது. ரெண்டாவது மீன் முதல் மீன் அளவுக்கு வளர்ந்துட்டா, முதல் மீன் அதைக் கடிச்சு வெளிய துரத்திடும். துரத்தினா சாவுதான். அதனால ரெண்டாவது மீன் என்ன பண்ணுது? இரை கண்ணு முன்னால இருந்தாலும் தின்னாம விட்டுடுது. தானே தன்னைச் சின்னதா வச்சுக்குது."

"பட்டினி கெடக்குதுங்கிய?"

"பட்டினின்னு சொல்லக்கூடாது. அளவா இருக்கு. அதோட மூளையில அதைச் செய்ய வைக்கிற சுரப்பை எடுத்துத்தான் நம்ம சொட்டு மருந்து செஞ்சிருக்காங்க. இது இங்க நல்லா வந்தா அடுத்து ஆபீஸ், ஹாஸ்டல், கூட்டுக் குடும்பம்னு எல்லா இடத்துக்கும் கொண்டுபோற திட்டம்."

"நம்ம மருமவளுக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வைங்க சார்" என்றார் அருளப்பன். சொல்லிவிட்டு யோசித்தார். "வேண்டாம். அவ தின்னாம கெடந்தா எவன் பாக்கது?"

"அண்ணாச்சி, அங்க முதல் மீன் பொண்ணு. ராணிதான் முதலாளி. சொல்லுங்க லாத்தா" என்று ஜெசிந்தாவைச் சீண்டினான் நெய்னா. அவன் ஊரில் அக்காவுக்கு லாத்தா.

ஜெசிந்தா சிரித்துவிட்டுத் தன் சீசாவை எடுத்தாள். அவள் பெயர் எழுதிய பச்சை மூடிச் சீசா. நாக்குக்கடியில் இரண்டு சொட்டு விட்டாள். கசந்தது. மருந்து ஆரம்பித்த முதல் வாரம் நெய்னா வாந்தி எடுத்தான், இளம்பரிதி பகலெல்லாம் தூங்கி வழிந்தான். அவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய உடம்புவாகு அப்படி என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வாராவாரம் நிரப்பும் கேள்வித்தாளில் அவள் பதில்கள் மற்ற இருவரையும் மிஞ்சின. 'தலைவரின் முடிவை மறுக்கத் தோன்றியதா?' இல்லை. 'தோன்றியபோது பேசினீர்களா?' தோன்றவில்லை. எழுதும்போது அவளுக்கே ஒரு நிம்மதியாக இருந்தது.

காலை உணவு முடிந்ததும் வயிரவன் அன்றைய வேலையைச் சொன்னார். காயல் கடலோடு சேரும் வாயில், வீட்டிலிருந்து நூற்றிருபது மீட்டரில், பாறைப் பிளவு ஒன்று இருந்தது. அதற்குள் நட்ட பவளத்துக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியை மாற்ற வேண்டும். அந்த வாயில் நீர் ஒரு நாளைக்கு நான்கு முறைதான் ஓய்ந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம். அதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். அது தாண்டினால் காயலின் தண்ணீர் முழுவதும் அந்த ஒரு வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். அதில் மாட்டிய ஆள் வீட்டுக்குத் திரும்ப முடியாது, மேலேயும் போக முடியாது.

"இன்னைக்கு ஓய்வு நேரம் பத்திலேருந்து பத்து நாப்பது" என்றார் வயிரவன். "ஒம்பது அம்பத்தஞ்சுக்குக் கிளம்புங்க."

இளம்பரிதியும் நெய்னாவும் ஆயத்தமாகப் போனார்கள். வீட்டின் நடுவில் தரையில் கிணறுபோல ஒரு திறப்பு உண்டு. காற்றழுத்தம் கடலை அந்த விளிம்போடு நிறுத்தி வைத்திருக்கும். கிணறு என்றுதான் எல்லோரும் அதைச் சொன்னார்கள். வெளியே போவதும் வருவதும் அதன் வழியாகத்தான்.

ஜெசிந்தா அவர்களுடைய காற்றுருளையைச் சரிபார்த்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ள வயிரவனின் மேசைக்குப் போனாள். மணி ஒன்பது ஐம்பது. கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை விரிந்து கிடந்தது. தீவின் துறைமுகத்தில் அச்சடித்த புத்தகம், ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம். செப்டம்பர்ப் பக்கத்தின் முதல் வரியில் வயிரவன் பென்சிலால் கோடு போட்டிருந்தார். பத்து மணி.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அட்டவணை தீவுத் தேதியில் இருக்கும். நாள்காட்டியில் சென்னைத் தேதி இருக்கும். ஆகவே நாள்காட்டித் தேதியில் ஒன்றைக் கழித்துத்தான் அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஐம்பத்தோரு நாளும் வயிரவன் மறக்காமல் கழித்தார். இன்று மாதம் மாறியிருக்கிறது; வெளியே வேலை உள்ள நாளில் அப்படி மாறுவது இதுதான் முதல் முறை. ஒன்றில் ஒன்றைக் கழித்தால் பக்கத்தைப் பின்னால் திருப்பி, ஆகஸ்டின் கடைசி வரிக்குப் போகவேண்டும். அவர் புதுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். கண் முதல் வரியில் போய் உட்கார்ந்துவிட்டது.

அவள் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். ஆகஸ்ட் முப்பத்தொன்று. ஓய்வு நேரம் ஒன்பது பத்து முதல் ஒன்பது ஐம்பது வரை.

அதாவது ஓய்வு நேரம் இந்த நிமிடத்தோடு முடிகிறது.

'சார்' என்ற சொல் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது. அவர் பார்க்காமலா இருப்பார்? இருபத்தைந்து வருட அனுபவம். புது மாதத்திலிருந்து அவர் கணக்கையே மாற்றியிருக்கலாம், தனக்குத்தான் தெரியாமல் இருக்கலாம். எல்லோர் முன்னாலும் சொல்லித் தான் சொன்னது தப்பாகிவிட்டால்? சரியாகிவிட்டால் இன்னும் மோசம், அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? புத்தகத்தைப் பழையபடி செப்டம்பர்ப் பக்கத்தில் விரித்து வைத்தாள். கிணற்றில் இரண்டு முறை தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டது. அவர்கள் போய்விட்டார்கள்.

மருந்து, என்று நினைத்தாள். நாக்கில் கசப்பு இன்னும் இருந்தது. அதுதான் என் வாயைக் கட்டிவிட்டது.

அவள் வீட்டின் காற்றளவு காட்டும் பலகைக்கு முன் உட்கார்ந்தாள். ஜன்னலில் மஞ்சள் மீன்கள் தெரிந்தன. நீரோட்டத்தில் ஒரு சின்ன இறால் குஞ்சு மிதந்து வந்தது. இரண்டாவது மீனின் வாய்க்கு நேராகவே வந்தது. மீன் அதைப் பார்த்தது, வாலை லேசாக அசைத்தது, விட்டுவிட்டது. அந்த இறால் நிற்காமல் காயலின் வாய்ப்பக்கமாகப் போனது. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை ஜெசிந்தா கவனித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி பத்து பத்து. இந்நேரம் பிளவுக்குள் நுழைந்திருப்பார்கள். உள்ளே ஒதுக்கமாக இருக்கும், வெளியே நீர் இழுப்பது தெரியாது. வேலையை முடித்துவிட்டு வெளியே வரும்போதுதான் தெரியும். அந்தப் பிளவுக்குள் பேசும் கருவியும் எட்டாது.

அருளப்பன் சமையல் மேடையில் மிளகு இடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அரவை இயந்திரம் உண்டு. ஆனாலும் தன் இரும்பு இடியுரலையும் உலக்கையையும் விடாமல் ஊரிலிருந்து தூக்கி வந்திருந்தார். அவர் இடிப்பதை நிறுத்தினார்.

"என்ன தாயி? மொகம் வெளிறிக் கெடக்கு."

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"ஒண்ணும் இல்லாத மொகமா இது? எதையோ முழுங்கிக்கிட்டு நிக்க. சொல்லு."

அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். பக்கம், தேதி, ஐம்பது நிமிடம். அருளப்பனுக்கு அட்டவணை புரியாது. ஆனால் அவர் புன்னைக்காயலில் பிறந்தவர். நீர் வற்றும்போது முகத்துவாரத்தில் ஆள் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அட பாவி மக்கா! இத எங்கிட்ட ஏன் சொல்லுத? அவர்ட்ட போயி சொல்லு!"

"எப்படி அண்ணாச்சி? மருந்து... வாய் வரமாட்டேங்குது."

"எங்கிட்ட வந்துச்சில்லா?"

அவள் எழுந்து போனாள். வயிரவன் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், இன்னைக்கு தேதி என்ன?"

"ஒண்ணு" என்றார் நிமிராமல்.

"சரி சார்."

திரும்பி இரண்டு அடி வைத்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இது ஒரு கேள்வியா? அவர் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று கதவைச் சுரண்டிவிட்டு ஓடுகிற வேலை. அந்தப் பக்கம் இரண்டு உயிர். நெய்னாவுக்கு ஊரில் எட்டு மாதக் குழந்தை, அதன் படத்தை அவன் தன் படுக்கைக்கு மேல் ஒட்டி வைத்திருந்தான். மணி பத்து பதினைந்து.

அவள் திரும்பி நின்றாள்.

"சார், நீங்க தப்பா பாத்திருக்கீங்க."

வயிரவன் நிமிர்ந்தார். "என்னது?"

"ஓத அட்டவணை. ஒண்ணு கழிக்கலை. மாசம் மாறிடுச்சு, நீங்க முதல் வரியைப் பாத்துட்டீங்க. இங்க இன்னும் முப்பத்தொண்ணு. ஓய்வு நேரம் ஒம்பது அம்பதுக்கே முடிஞ்சுது."

அவர் கை புத்தகத்துக்குப் போனது. அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, யோசித்து, சரி என்று சொல்லும்வரை ஜெசிந்தா நிற்கவில்லை. வெளியே இருப்பவர்களைத் திரும்பக் கூப்பிட ஒரு வழிதான் இருந்தது. கிணற்றடியில் இரும்புக் காலை மூன்று மூன்றாக அடிக்க வேண்டும். இரும்பின் சத்தம் தண்ணீரில் வெகுதூரம் போகும், பிளவுக்குள்ளும் போகும். அதற்கான சுத்தியல் தலைவரின் இருக்கைக்குப் பின்னால் தொங்கியது. தலைவர் சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. அதைக் கேட்பதென்றால் இன்னொரு 'சார்' சொல்லவேண்டும். அவள் அருளப்பனின் கையிலிருந்து உலக்கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்து, தோள்வரை தண்ணீருக்குள் விட்டு அடித்தாள். டங், டங், டங். தண்ணீரில் கையை வீசுவது தூக்கத்தில் ஓடுவதுபோல் இருந்தது. டங், டங், டங். மிளகுத் தூள் கலைந்து தண்ணீரில் பரவியது. பின்னால் வயிரவன் ஓடிவரும் சத்தம் கேட்டது. தடுக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து, சுத்தியலால் தானும் அடிக்க ஆரம்பித்தார்.

வீட்டிலிருந்து காயல் வாய்வரைக்கும் ஒரு வழிக்கயிறு கட்டியிருந்தது. ஜெசிந்தா அடிப்பதை நிறுத்திவிட்டு அதைப் பிடித்தாள். முதலில் நீரின் அதிர்வு மட்டும் தெரிந்தது. பிறகு வெடுக்கென்று ஓர் இழுப்பு. இன்னொன்று. யாரோ கைமாற்றிக் கைமாற்றி வருகிறார்கள்.

"கயித்துல ஆள் இருக்கு சார்!"

"எத்தனை பேர்?"

"தெரியல."

ஏழு நிமிடம். பிறகு கிணற்றில் ஒரு தலை எழுந்தது. இளம்பரிதி. முகமூடியைக் கழற்றியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "நெய்னா பின்னால வந்துட்டுதான் இருந்தான்."

கயிறு அசையவில்லை.

அருளப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். வயிரவன் தன் மூச்சுக் கருவியை இழுத்து மாட்டத் தொடங்கினார். ஜெசிந்தா கயிற்றை விடவில்லை. அவள் வாழ்நாளில் எதையும் அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. உள்ளங்கையில் மிக மெல்லியதாக ஒரு துடிப்பு வந்தது. பிறகு இழுப்பு. நின்றது. மறுபடி இழுப்பு.

நெய்னா வந்து சேர்ந்தபோது அவன் காலில் ஒரு துடுப்புதான் இருந்தது. மூன்று பேர் சேர்ந்து அவனைத் தூக்கித் தரையில் போட்டார்கள். அவன் பத்து மூச்சு வாங்கிவிட்டுப் பேசினான்.

"சத்தம் கேட்டு வெளிய வந்தா, தண்ணி பிடிச்சு இழுக்குது லாத்தா. ஒரு கால் துடுப்பு போயிடுச்சு. கயித்தை விட்டுட்டேன், திரும்பவும் கைல அகப்பட்டுச்சு. அல்லா காப்பாத்தினான். இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா கயித்துகிட்டயே போயிருக்க முடியாது."

ஜெசிந்தா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதாள். அழுகை நிற்கும்போது உடம்பெல்லாம் லேசாக இருந்தது. நான்கு தலைகளை எண்ணினாள். தன்னையும் சேர்த்து ஐந்து. மறுபடியும் எண்ணினாள். சரியாகத்தான் இருந்தது.

அருளப்பன் எல்லோருக்கும் சுக்குக் காபி கொண்டுவந்தார். வயிரவன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகம் ஒரே காலையில் பத்து வருடம் கூடியிருந்தது.

"என் தப்பு" என்றார். "முழுக்க என் தப்பு. ஜெசிந்தா, நீ இதை எப்பப் பாத்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒம்பது அம்பதுக்கு சார். அவங்க இறங்குறதுக்கு முன்னால."

நெய்னா அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நானும்தான் சார்" என்றான் இளம்பரிதி, தரையைப் பார்த்துக்கொண்டு. "பிளவுக்குள்ள நுழையும்போதே தண்ணி வெளிய இழுக்கறது தெரிஞ்சுது. நீங்க ஓய்வு நேரம்னு சொன்னீங்க, அப்ப ஓய்வு நேரமாத்தான் இருக்கும்னு தோணுச்சு. என் உடம்புல படுறதை விட நீங்க சொன்னதுதான் நிஜம்னு தோணுச்சு."

"இவர் உள்ள போனார், நான் பின்னாலயே போனேன்" என்றான் நெய்னா.

வயிரவன் எழுந்தார். மேடையில் வரிசையாக இருந்த மூன்று சீசாக்களையும் எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். "எனக்குக் கீழ ஒருத்தரும் எனக்குத் தப்புன்னு சொல்லமாட்டாங்கன்னா நான் இங்க தலைவரே இல்லை. குருட்டுப் பயல். இதை இன்னைக்கே நிறுத்தறோம்."

மாலை ஐந்து மணிக்கு, சென்னையில் விடிந்து அலுவலகம் திறந்ததும், மருந்துச் சோதனையை நடத்திய டாக்டர் சாருமதி திரையில் வந்தார். வயிரவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். முடிவில் பேனாவை வைத்தார்.

"நிறுத்திடலாம். உயிர் ஆபத்துன்னா உடனே நிறுத்தணும்னு விதியே இருக்கு. அப்படி நிறுத்தினா உறையைப் பிரிச்சு யாருக்கு என்ன கொடுத்தோம்னு சொல்லணும்."

"யாருக்கு என்னன்னா?" என்றான் இளம்பரிதி. "எல்லாருக்கும் ஒரே மருந்துதானே?"

"படிவத்துல ஒம்பதாம் பக்கத்துல இருக்கே. மூணு சீசாவுல ரெண்டுலதான் மருந்து. ஒண்ணு வெறும் உப்புத் தண்ணி, கசப்புக்கு மட்டும் ஏதோ சேர்த்தது. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக. எது யாருக்குன்னு இதுவரைக்கும் எனக்கே தெரியாது."

அவர் ஒரு பழுப்பு உறையைக் கத்தரித்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சிவப்பு மூடி மருந்து. நீல மூடி மருந்து." கொஞ்சம் நிறுத்தினார். "பச்சை மூடி தண்ணி."

ஜெசிந்தாவுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு பெட்டியைப் பார்த்தாள்.

"இது எனக்கே புரியல" என்றார் டாக்டர். "வாராவாரம் வந்த மதிப்பெண்படி மருந்து ரொம்ப நல்லா வேலை செஞ்சது உங்க மேலதான், ஜெசிந்தா. சாப்பாட்டு அளவும் அப்படித்தான். இதை வச்சு அறிக்கையில ஒரு பத்தி தனியா எழுதியிருந்தேன்."

அந்த நிமிடம் அவள் மனதில் வந்து நின்றது பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு. முந்தின வருடம் அண்ணன் ராயப்பன் வாங்கியது மொத்தம் நானூற்று இருபத்தொன்று. வீட்டில் அதற்கு ஆடு வெட்டினார்கள். அவள் தேர்வு எழுதும்போது கடைசிக் கேள்வி இதயத்தின் படம். கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். பென்சிலைச் சீவினாள், சீவி வைத்துவிட்டு மணியடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். நானூற்றுப் பதினெட்டு. 'அண்ணனுக்கு மூணு கம்மி, அவளும் நல்லாத்தான் படிச்சிருக்கா' என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு யாரும் சொட்டு விடவில்லை.

"உங்களுக்கும் நாளையிலேருந்து நிறுத்திடலாம்" என்றார் டாக்டர் வழக்கமான குரலில்.

"எனக்கு நிறுத்த என்ன இருக்கு டாக்டர்?" என்றாள் ஜெசிந்தா.

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். முப்பத்தாறு வருடம் தானே தன் வாயைக் கட்டிக்கொண்டு வந்ததை நினைத்தால் வயிற்றெரிச்சல்தான். ஆனால் இன்று காலை அந்தக் கட்டை அவிழ்த்ததும் அவளேதான். மருந்தை வெல்லவில்லை, அதைவிடப் பெரிய ஒன்றை வென்றிருக்கிறாள். உலக்கையைப் பிடுங்கியது அவளுடைய கை. நெய்னா அதோ உட்கார்ந்து தன் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அது போதும், அது ரொம்பப் போதும் என்று இருந்தது.

வயிரவன் அட்டவணைப் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தார். "இனிமே நான் நேரம் சொன்ன பிறகு நீயும் பாத்து சொல்லணும். தப்புன்னா தப்புன்னு சொல்லணும். சத்தமா."

"சத்தமாவே சொல்றேன் சார்."

அருளப்பன் கொப்பரையைத் திறந்தார். மாலைச் சிற்றுண்டிக்கும் இட்லிதான். மருந்து இன்னும் உடம்பிலிருந்து இறங்காத இளம்பரிதியும் நெய்னாவும் வயிரவனின் தட்டைப் பார்த்தார்கள். வயிரவன் ஐந்து எடுத்துக்கொண்டார். அருளப்பன் ஜெசிந்தாவின் தட்டில் வழக்கம்போல் நான்கு வைத்துவிட்டு நகரப் போனார்.

"அண்ணாச்சி."

"என்ன தாயி?"

"இன்னும் மூணு வைங்க. பசிக்குது."

அருளப்பன் கொப்பரைக்குத் திரும்பினார். மூன்று வைத்தார். பிறகு யோசித்து எட்டாவதாக ஒன்றையும் வைத்தார்.